அவள் பெயர் சதாகோ இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘கிமி நி தொடோகே’ என்ற அனிமேயை, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடரைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்திருப்பதைப் பார்த்ததும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. படத்துக்குக் கீழே இருந்த வரியைப் படித்ததும் மனசு சுருங்கிவிட்டது. “கூச்ச சுபாவமுள்ள சதாகோவும் அவளைக் காப்பாற்ற வரும் அழகனும்” என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கட்டுரை நெடுகிலும் அவள் சதாகோதான். ஐயா, அவள் பெயர் சவாகோ. குரோனுமா சவாகோ.

சதாகோ யார் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கோஜி சுசுகி 1991இல் எழுதிய ‘ரிங்’ நாவலின் பேய் அது. 1998இல் வந்த திரைப்படத்தில், முகத்தை மறைக்கும் கருங்கூந்தலோடு கிணற்றிலிருந்து ஏறி வருமே, அதே பேய். நீளக் கூந்தலும் வெளிறிய முகமும் இருப்பதால், ஒரு ‘வா’வை ‘தா’ ஆக்கி, பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பெண்ணுக்கு வைத்த பட்டப்பெயர் அது. மூன்று விநாடி அவள் கண்ணைப் பார்த்தால் கேடு வரும் என்று வதந்தி வேறு. வகுப்பில் பலருக்கு அவளுடைய சரியான பெயரே தெரியாது. பட்டப்பெயர் ஓய்ந்து சொந்தப் பெயர் அவளுக்குத் திரும்பக் கிடைப்பதில்தான் கதை நகர்கிறது. தாங்களும் அந்த வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டது மிகவும் வருத்தமாக இருக்கிறது.

சவாகோ என்ற பெயரின் முதல் எழுத்து, ‘சவாயாகா’ என்ற சொல்லுக்கும் உரிய கான்ஜி, அதாவது பொருளைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்து. தெளிந்த காலைக்காற்று பட்டதுபோன்ற புத்துணர்வு என்று பொருள். தாங்கள் ‘அழகன்’ என்று எழுதிய வகுப்புத் தோழன் கசெஹாயா ஷோத்தாவை அவள் வியந்து பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொள்ளும் சொல்லும் அதுதான். அவனிடம் அவள் காணும் குணம் அவள் பெயரிலேயே இருக்கிறது. பெயரைத் தப்பாகப் போட்டால் இது வாசகருக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது “காப்பாற்ற வரும்” என்ற சொல். யானோ அயானே, யோஷிதா சிசுரு என்ற தோழிகள் இருவரைப் பற்றியும் அசிங்கமான வதந்தி பரவி, அதைக் கிளப்பியவள் சவாகோதான் என்று பழியும் விழுகிறது. பெண்கள் கழிவறையில் சிலர் அந்தத் தோழிகளைத் தூற்றிக்கொண்டிருக்கிறார்கள். யாரிடமும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத சவாகோ தனியாளாக அவர்கள் எதிரே போய் நிற்கிறாள். சொன்னதைத் திரும்பப் பெறச் சொல்கிறாள். அவர்கள் மிரட்டியும் நகரவில்லை. அங்கே அவளுக்காகப் பேச எந்த அழகனும் இல்லை, அவள் பேசியதும் காதலுக்காக இல்லை. தொடரின் முதல் பருவத்தின் (சீசன்) நெஞ்சம் இந்தக் காட்சி. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

“ஒரு சாக்லேட்டுக்காக இழுத்தடிக்கிறார்கள்” என்ற வரிக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று சாக்லேட் கொடுப்பது பெண்கள். வகுப்புத் தோழர்களுக்கு மரியாதைக்குக் கொடுப்பது ‘கிரி’, மனசில் இருப்பவனுக்குக் கொடுப்பது ‘ஹோன்மெய்’. சவாகோ மற்றவர்களுக்கெல்லாம் கிரி கொடுத்துவிடுகிறாள். கசெஹாயாவுக்கென்று செய்ததில் மனசு முழுவதும் இருப்பதால் நீட்டக் கை வரவில்லை. அவன் பக்கமிருந்து பாருங்கள்: எல்லாருக்கும் கிடைத்தது, தனக்கு மட்டும் இல்லை. தன்னை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அவன் முடிவு கட்டாமல் வேறு என்ன செய்வான்? இரண்டாம் பருவத்தின் சிக்கல் இந்தக் கொடுக்காத சாக்லேட்டில்தான் தொடங்குகிறது.

அந்தச் சிக்கல் நீள்வதற்குக் காரணம் ‘சுகி’ என்ற சொல். கட்டுரையாளர் அதை “காதலிக்கிறேன்” என்று எழுதியிருக்கிறார். ஆங்கில வசன வரியிலிருந்து எடுத்திருப்பார் போலும். ‘சுகி’ நம்முடைய ‘பிடிக்கும்’ போன்றது. நண்பனையும் பிடிக்கும், பூனையையும் பிடிக்கும், அவனையும் பிடிக்கும். எந்தப் ‘பிடிக்கும்’ என்று தெரியாமல் இருவரும் தவிப்பதுதான் அந்தப் பகுதிகளின் உயிர். தமிழில் இதைக் காட்டக் கையில் ஒரு சொல் ஆயத்தமாக இருந்தும் கைவிட்டுவிட்டார். தலைப்புக்கும் அதே கதி. ‘தொடோகே’ என்றால் போய்ச் சேரட்டும் என்ற வேண்டுதல். கடிதம் போய்ச் சேர்வது, குரல் போய்ச் சேர்வது போல மனசு போய்ச் சேர வேண்டும். “உன்னிடம் வருவேன்” என்று பெயர்த்திருப்பது பொருளையே மாற்றிவிடுகிறது.

இது இன்று நேற்று நடப்பதுமல்ல. அனிமே எதுவானாலும் தாங்கள் சிறுவர் பகுதியில் ‘கார்ட்டூன்’ என்றே போடுகிறீர்கள். முடிவை முதல் பத்தியிலேயே போட்டு உடைக்கிறீர்கள். இந்த முறை அச்சாகியிருக்கும் படம்கூட 2010இல் நடிகர்களை வைத்து எடுத்த திரைப்படத்தினுடையது. அனிமேயின் சாயலே வேறு: தண்ணீர் வண்ணம்போல வெளிறிய நிறங்கள், சவாகோ பதறும்போதெல்லாம் கோட்டுச்சித்திரமாகச் சுருங்கிவிடும் முகம். புரொடக்ஷன் ஐ.ஜி. நிறுவனத்தில் ஹிரோ கபுராகி இயக்கியது. சவாகோவுக்குக் குரல் கொடுத்த மாமிகோ நோத்தோவின் பெயரையாவது குறிப்பிட்டிருக்கலாம். மூச்சும் பேச்சுமாகக் கலந்து வரும் அந்தக் குரல் இல்லாமல் இந்தப் பாத்திரம் இல்லை.

கட்டுரையை நம்பிப் பார்க்கப் போகிறவர்களுக்கும் வழி தவறும். “2024 தொடரில் தொடங்கலாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது மூன்றாம் பருவம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும் 5 பகுதிகள். அதில் தொடங்குகிறவர்களுக்கு அவர்கள் கை கோப்பது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று புரியவே புரியாது. 2009 அக்டோபரில் தொடங்கிய முதல் பருவத்தின் 25 பகுதிகளை முதலில் பார்க்க வேண்டும். பிறகு 2011இல் வந்த இரண்டாம் பருவத்தின் 12 பகுதிகள். அதன் முன்னால் இருக்கும் பூஜ்யம் எண்ணிட்ட பகுதி பழையதைத் தொகுத்துக் காட்டுவது மட்டுமே, விட்டுவிடலாம். அதற்கப்புறம்தான் 2024. கருஹோ ஷீனா வரைந்த மூல மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, 2017இல் நிறைவடைந்தது, 30 தொகுதிகள். 2008இல் கோதான்ஷா மாங்கா விருது பெற்றது. படிக்க விரும்புகிறவர்களுக்கு அதையும் சொல்லியிருக்கலாம்.

இத்தனையையும் திருத்தி மறுபடி வெளியிடுங்கள் என்று கேட்கவில்லை. தங்களுக்கு இடநெருக்கடி இருக்கும். அடுத்த இதழில், பிழைதிருத்தம் போடும் அந்தச் சிறு கட்டத்தில், ஒரே ஒரு வரி போதும்: கதாநாயகியின் பெயர் சவாகோ.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி ஒருத்தி