பழைய டிவிடி பிளேயரில் ஓடாத தகடுகள்: படமாற்று மென்பொருள் நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் மென்பொருளின் வாடிக்கையாளர்,
அம்பாசமுத்திரம்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: "எந்தப் பழைய டிவிடி பிளேயரிலும் ஓடும்" என்று விளம்பரம் செய்து விற்கப்பட்ட படமாற்று மென்பொருளின் குறைபாடுகள் – விலையைத் திருப்பித் தரவும் குறைகளைச் சரிசெய்யவும் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த பங்குனி மாதம் 1,899 ரூபாய் செலுத்தி, கணினியில் உள்ள வீடியோக் கோப்புகளை டிவிடித் தகடாக மாற்றும் தங்கள் மென்பொருளை இணையவழியில் வாங்கினேன். அதை நான் வாங்கியதற்கு ஒரே காரணம், விற்பனைப் பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் இருந்த "எந்தப் பழைய டிவிடி பிளேயரிலும் ஓடும்" என்ற வாக்குறுதிதான்.

என் தந்தைக்கு 81 வயது. அவரிடம் 2007ஆம் ஆண்டு வாங்கிய டிவிடி பிளேயரும், மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களால் அதனோடு இணைக்கப்பட்ட பழைய படக்குழாய் டிவியும் உள்ளன. இரண்டு கண்களிலும் புரை நீக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவர், ரிமோட்டில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை விரலால் தடவியே அறிவார். கடந்த ஆவணியில் என் தங்கை மகளின் திருமணம் நடந்தது. தை மாதம் என் தாயார் காலமானார். அந்தத் திருமணப் படத்தில்தான் அம்மா கடைசியாக நலமாக நடமாடுகிறார். படம் எடுத்தவர் 2 மணி 40 நிமிடக் காட்சியை எம்பி4 கோப்பாகப் பென்டிரைவில் கொடுத்திருந்தார். அதை அப்பா தம் பிளேயரில், தாமே போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் தங்களிடம் வந்தேன். புதிய பிளேயர் வாங்கிக் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று தங்கள் உதவிப் பிரிவு எழுதியிருப்பதால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்ல நேர்கிறது.

மென்பொருளின் முதல் திரையில் இருக்கும் "டிவிடி" என்ற பொத்தானை அழுத்தி உருவாக்கிய முதல் தகடு ஓடவில்லை. பிளேயருக்குள் தகடு சுழல்வதும் நிற்பதும் மீண்டும் சுழல்வதுமாக ஓசை கேட்டது. பின்னர் நீலத் திரையில் பிழைச் செய்தி வந்தது. அதே தகட்டைக் கணினியில் திறந்து பார்த்தபோது, உள்ளே மூல எம்பி4 கோப்பு அப்படியே நகலெடுத்து வைக்கப்பட்டிருந்தது. டிவிடி என்று பெயர் சொல்லிவிட்டு வெறும் தரவுத் தகட்டைப் பதிந்து தருவது எந்த வகையில் மாற்றுதல் ஆகும்? அந்த எம்பி4 கோப்பில் இருப்பதுபோல் எச்.264 முறையில் சுருக்கப்பட்ட படத்தை விரிக்கும் சில்லு அந்தக் காலத்துச் சாதாரண டிவிடி பிளேயர்களில் கிடையாது. அவை அறிந்தது டிவிடிக்குரிய எம்பெக்-2 படமும், ஏசி-3 போன்ற ஒலியும், அவற்றை வரிசைப்படுத்தித் தரும் குறிப்பிட்ட கோப்புறை அமைப்பும்தான். பழைய பிளேயர்களுக்காகவே மென்பொருள் செய்வோர் முதலில் கவனிக்க வேண்டியதே இதுவல்லவா?

அமைப்புகளுக்குள் தேடி, "டிவிடி வீடியோ" என்ற வேறொரு தெரிவைக் கண்டுபிடித்து இரண்டாவது தகட்டைப் பதிந்தேன். இம்முறை படம் வந்தது. ஆனால் கறுப்பு வெள்ளையில், மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே வந்தது. காரணம், தங்கள் மென்பொருள் எவரையும் கேட்காமல், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்கிய என்.டி.எஸ்.சி. என்ற தொலைக்காட்சி முறையில், அதாவது 720×480 அளவில், நொடிக்கு 29.97 படச்சட்டங்களாகத் தகட்டை உருவாக்கியிருந்தது. இந்தியாவில் உள்ள பழைய டிவிகள் பி.ஏ.எல். முறைக்கு உரியவை, அவற்றுக்கு 720×576 அளவும் நொடிக்கு 25 படச்சட்டங்களும் வேண்டும். ரூபாயில் விலை பெற்று, இந்திய முகவரிக்கு ரசீது அனுப்பும் நிறுவனம், இந்த ஒரு தெரிவையாவது இந்தியாவுக்கு ஏற்ப முன்கூட்டியே அமைத்துத் தந்திருக்கலாம்.

மூன்றாவது தகடுதான் என்னை மிகவும் வருத்தியது. பி.ஏ.எல். முறைக்கு மாற்றி, "மிக உயர்ந்த தரம்" என்பதைத் தேர்ந்தெடுத்தேன். மணமகள் மேடைக்கு வரும் வரை படம் நன்றாகவே ஓடியது. கெட்டிமேளம் முழங்கி, நாற்புறமிருந்தும் அட்சதையும் பூவும் விழத் தொடங்கிய நொடியில் படம் உறைந்து, ஒலி துண்டு துண்டாகச் சிதறி, பிளேயர் நின்றுவிட்டது. மூன்று முறை போட்டும் அதே இடத்தில்தான் நின்றது. நூற்றுக்கணக்கான அரிசி மணிகள் ஒரே நேரத்தில் அசையும் காட்சியைச் சுருக்குவது கடினம் என்பதால், அங்கே நொடிக்குச் செலவாகும் தரவின் அளவு திடீரென உயரும். டிவிடி விதிமுறைப்படி படத்துக்கான உச்சவரம்பு நொடிக்கு 9.8 மெகாபிட். தங்கள் மென்பொருள், 4.7 ஜிபி தகட்டில் 160 நிமிடம் அடங்க வேண்டும் என்று சராசரியை மட்டும் சரியாகக் கணக்கிட்டுவிட்டு, உச்சத்துக்குக் கடிவாளம் போடாமல் விட்டுவிட்டது. கோப்பை ஆராய்ந்து பார்த்ததில் அந்த இடத்தில் அளவு 11 மெகாபிட்டைத் தாண்டியிருந்தது. தாலி கட்டும் காட்சியைப் பார்க்கக் காத்திருந்த அப்பா, "பிளேயருக்கு வயசாயிட்டு, விடுப்பா" என்று சொல்லி எழுந்து போனார். பழுது பிளேயரில் இல்லை என்பதை அவருக்கு நிரூபிக்க எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின.

நலங்கின்போது அம்மா பாடியதை நான் என் கைபேசியில் தனியே எடுத்திருந்தேன். அந்த 22 நிமிடத்தையும் மாற்றினேன். தொடக்கத்தில் ஒத்திருந்த குரலும் உதடும் போகப்போக விலகி, இறுதியில் அம்மா வாயை மூடிய பிறகும் ஒரு நொடிக்கு மேல் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. கைபேசிகள் பெரும்பாலும் ஒரே சீரான வேகத்தில் படச்சட்டங்களைப் பதிவதில்லை. வெளிச்சத்துக்கேற்பக் கூடும், குறையும். அதைச் சீராக்காமல் எண்ணிக்கையை மட்டும் கொண்டு மாற்றியதன் விளைவே இது. இக்காலத்தில் வீட்டுப் படங்களில் பெரும்பகுதி கைபேசியில்தான் எடுக்கப்படுகிறது என்பதைத் தாங்கள் அறியாதிருக்க வாய்ப்பில்லை.

இவை அனைத்தையும் படங்களுடன் நான்கு முறை மின்னஞ்சலில் தெரிவித்தேன். முதல் இரண்டு பதில்கள் நல்ல தகடு வாங்கச் சொன்னதோடு சரி. மூன்றாவது பதில் பிளேயரை மாற்றச் சொன்னது. நான்காவதற்குப் பதிலே இல்லை. இதற்கிடையில், இலவசமாகக் கிடைக்கும் எஃப்எஃப்எம்பெக், டிவிடிஸ்டைலர் ஆகிய மென்பொருள்களைக் கொண்டு, படச்சட்ட வேகத்தைச் சீராக்கி, உச்சவரம்பை 8 மெகாபிட்டில் நிறுத்தி, அதே பெட்டியிலிருந்து எடுத்த தகட்டில் குறைந்த வேகத்தில் பதிந்து, பதிவை முறைப்படி முடித்து வைத்தேன். அதே பிளேயரில், அதே டிவியில், அட்சதை விழும் இடம் உட்பட முழுப் படமும் தடங்கலின்றி ஓடியது. நலங்குப் பாட்டும் ஒத்து வந்தது. ஆகவே தகட்டின் மீதோ பிளேயரின் மீதோ பழி சொல்ல இனி இடமில்லை.

எனவே, மென்பொருளின் விலையான 1,899 ரூபாயையும், வீணான 11 தகடுகளுக்கான 220 ரூபாயையும் இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். "டிவிடி" பொத்தான் உண்மையான டிவிடியை உருவாக்குமாறும், நாட்டுக்கேற்ற முறை தானே அமையுமாறும், தரவின் உச்சவரம்பு எந்தத் தெரிவிலும் மீறப்படாதவாறும், கைபேசிப் படங்களின் ஒலி விலகாதவாறும் மென்பொருளைத் திருத்த வேண்டும். அதுவரை "எந்தப் பழைய பிளேயரிலும்" என்ற வாசகத்தை விற்பனைப் பக்கத்திலிருந்து நீக்க வேண்டும். என்னைப் போலவே பெற்றோருக்காக இதை வாங்குவோர் பலர் இருப்பார்கள். அவர்களில் எல்லோருக்கும் கோப்பை ஆராய்ந்து காரணம் கண்டுபிடிக்க நேரமோ பயிற்சியோ இருக்காது.

தக்க பதில் கிடைக்காவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரம், சேவைக் குறைபாடு ஆகிய காரணங்களைக் காட்டி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். ரசீதின் நகலையும், நான்கு மின்னஞ்சல்களின் நகல்களையும், பழுதான மூன்றாவது தகட்டையும் இத்துடன் இணைத்துள்ளேன். அந்தத் தகட்டை ஒரு பழைய பிளேயரில் போட்டு, கெட்டிமேளம் வரை தாங்களே ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்.