எட்டாம் வகுப்புக்கு ஒரு மணி நேரம் கேட்கிறேன்

மும்பை தாராவி, சயான் பக்கத்துத் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு வணக்கம். புற்றுநோய் வராமல் காப்பது பற்றிப் பிள்ளைகளிடம் பேசத்தான் இந்த ஒரு மணி நேரத்தைக் கேட்கிறேன்.

நான் தாராவியில் சின்னதாகத் தையல் யூனிட் வைத்திருப்பவன். பையன் எட்டாவது படிக்கிறான். போன வாரம் துவைக்கப் போடுவதற்கு முன் அவன் சட்டைப்பையைத் துழாவினேன். காலியான மீட்டா சுபாரி, அதாவது இனிப்புப் பாக்கு, பாக்கெட் ஒன்று வந்தது. கேட்டால், "இதுல தம்பாக்கு இல்லப்பா, வெறும் பாக்குதான்" என்கிறான். தம்பாக்கு என்று அவன் சொல்வது புகையிலையை. அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

பள்ளியில் எதுவுமே நடப்பதில்லை என்று சொல்ல மாட்டேன். மே 31 புகையிலை எதிர்ப்பு நாள், ஆனால் அன்று இங்கே கோடை விடுமுறை. பிப்ரவரி 4 புற்றுநோய் நாளுக்கு ஓவியப் போட்டி வைக்கிறீர்கள். பிள்ளைகள் சிகரெட்டும் மண்டை ஓடும் வரைகிறார்கள். நம் தெருவில் புகைவிடுகிறவர்களைவிட மெல்லுகிறவர்கள்தானே அதிகம்? 2016-17 தேசியக் கணக்கெடுப்பிலும் பெரியவர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், மெல்லுவது போன்ற புகையில்லாப் புகையிலைக்காரர்கள் 21.4 சதவீதம். இதை எந்த ஓவியத்திலும் நான் பார்த்ததில்லை.

புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது. கல்யாணத் தட்டில் வெற்றிலையோடு பாக்கு வைக்கிற நமக்கு இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் அண்ணன் ராத்திரியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். தூக்கம் வராமலிருக்கப் பாக்கு மெல்லத் தொடங்கினார். ஒருநாள் டப்ரியில், அதாவது தெருவோரப் பெட்டிக்கடையில், வடா பாவ் வாங்கியவர், அதைக் கடிக்காமல் பிய்த்துப் பிய்த்து வாய்க்குள் தள்ளினார். காரம் பட்டால் கண்ணில் தண்ணீர். "சூட்டுப் புண்" என்று பக்கத்து டாக்டர் மாத்திரை கொடுத்தார், ஒரு வருஷம் போனது. அப்புறம் பரேலில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே முதலில் எந்த மிஷினும் வைக்கவில்லை. மூன்று விரலைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்படி செங்குத்தாக வாய்க்குள் விடச் சொன்னார்கள். ஒரு விரல்தான் போனது. பாக்கு மென்று மென்று கன்னத்தின் உட்சதை நார்போல இறுகிப்போயிருந்தது. அந்த இறுக்கமே சிலருக்குப் பின்னால் புற்றாகிறதாம். அண்ணனுக்கு ஆகிவிட்டிருந்தது. தாடையில் ஒரு பாதியை எடுத்தார்கள்.

இந்த மூன்று விரல் சோதனைக்கு என்ன செலவு? ஒரு கண்ணாடி இருந்தால் போதும். வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் காட்ட வேண்டும் என்று பதின்மூன்று வயதுப் பையனுக்குப் புரியாதா? வீட்டுக்குப் போய் அப்பாவின் வாயையும் பார்த்துவிடுவான். எனக்கு அந்த ஆசையும் உண்டு.

பெண் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று. கருப்பைவாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் எச்பிவி என்ற வைரஸால் வருகிறது, அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, 9 முதல் 14 வயதுக்குள் போடுவதுதான் சிறந்தது. அந்த வயதில் அவர்கள் உங்கள் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். வெட்கப்பட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அம்மாக்களையும் கூப்பிட்டு ஒரு டீச்சர் பேசட்டும்.

பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003 சட்டம் சொல்கிறது. புகையிலையும் பாக்கும் கலந்த குட்காவுக்கு மகாராஷ்டிரத்தில் 2012-இலிருந்து தடை. கேட்டுக்கு எதிரே சரம் சரமாகத் தொங்குவது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு வார்டு ஆபீசில் தனியாக மனு கொடுக்கிறேன், நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

வகுப்புக்கு வர அண்ணன் சம்மதித்துவிட்டார். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அவருக்குச் செக்கப். அவர் பேசுவது முதலில் புரியாது, பிள்ளைகளை முன்னால் நெருக்கி உட்காரவையுங்கள்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்புப் பையனின் அப்பா