இடுப்பில் கட்டிய கயிறு

ஹாயில், சவூதி அரேபியா,
வெள்ளி இரவு

அன்புள்ள முருகேசா,

உன் கன்னி நாய் ஆறு குட்டி போட்டு ஆறும் பிழைத்துக்கொண்டதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். அம்மாவின் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே வேலை வழக்கம்போலத்தான்.

போன வாரம் பழங்காலப் பாறைச் செதுக்கல்களைப் பார்க்க ஷுவைமிஸ் போயிருந்தேன். ஹாயிலிலிருந்து தெற்கே 250 கிலோமீட்டருக்கு மேல், வழியெல்லாம் கருங்கல் எரிமலைக் காடு. மஞ்சோர், ராத் என்று இரண்டு குன்றுகள். நடுவே ஒரு காலத்தில் ஆறு ஓடியதாம், இப்போது மணல்தான். ஆனால் பாறையில் கொத்திய மாடு இருக்கிறது, சிங்கம் இருக்கிறது. 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம்.

இரும்பும் மாங்கனீசும் படிந்து பாறையின் மேல்தோல் கருத்துக் கிடக்கிறது. கல்லால் கொத்தினால் உள்ளே வெளுப்பு தெரியும். காலம் போகப்போக அதுவும் கருத்துவிடும். அதனால் ரொம்பப் பழைய உருவங்கள் பாறையோடு பாறையாக ஒளிந்திருக்கின்றன. வெயில் சாயும்வரை காத்திருந்தேன். அப்புறம்தான் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

ஒரு வேட்டைக்காரன் வில்லை இழுத்து நிற்கிறான். கூட 13 நாய்கள். விடைத்த காது, குட்டை மூஞ்சி, மேலே சுருண்ட வால். அதில் இரண்டின் கழுத்திலிருந்து ஒரு கோடு புறப்பட்டு அவன் இடுப்பில் போய் முடிகிறது. கயிறு! கரிசல் காட்டில் நீ கயிற்றை இடுப்பில் முடிந்துகொண்டு கைவீசி நடப்பாயே, அதே மாதிரி. அவனுக்கு வில் பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே. 8,000 ஆண்டுகளுக்கு முந்தியதாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது முருகேசா.

அங்குள்ள நாய்களில் சிலவற்றுக்கு நெஞ்சில் திட்டு, சிலவற்றுக்கு உடம்பில் புள்ளி. ஏதோ நாய் என்று கொத்தவில்லை, தன் நாயைப் பார்த்துப் பார்த்துக் கொத்தியிருக்கிறான். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பான் என்றுதான் நான் நம்புகிறேன்.

சரி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மற்றதெல்லாம் அவிழ்ந்து ஓடும்போது அந்த இரண்டை மட்டும் ஏன் கட்டி வைத்திருப்பான்? பழகாத இளம் நாய்களா? இல்லை, விட மனமில்லாத நல்ல நாய்களா? உனக்குத் தெரியும், யோசித்து எழுது. நெஞ்சில் வெள்ளை விழுந்த குட்டி இருந்தால் நான் வரும்வரை யாருக்கும் கொடுத்துவிடாதே.

உன்,
பாண்டி