கால் காயங்கள்: மருத்துவமனைகள் சேர்ந்து ஆராய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் – கொச்சி நெடுஞ்சாலையிலோ ஆலை எந்திரங்களிலோ சிக்கிக் கால் நொறுங்கியவருக்கு, அந்தக் காலைக் காப்பதா, அகற்றுவதா என்று முடிவெடுக்க உதவும் மதிப்பெண் முறை ஒன்றை உலகுக்குத் தந்தது நம் கோவை. கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட அம்முறையில், தோல், எலும்பு, தசை–நரம்பு ஆகியவற்றின் சேதத்துக்குத் தனித்தனியே மதிப்பெண் இட்டு, சர்க்கரை நோய், 12 மணி நேரத்துக்கு மேலான தாமதம், காயத்தில் கலந்த சாக்கடை அல்லது பண்ணைக் கழிவு போன்றவற்றையும் சேர்த்துக் கூட்டுகிறார்கள். 14 வரை காக்கலாம்; 17 முதல் அகற்றுவதே நல்லது; இடைப்பட்ட இரண்டும் மருத்துவரின் முடிவுக்கு உரியவை.

ஆனால் காக்கப்பட்ட கால் பிற்பாடு காயம்பட்டவருக்கு எவ்வளவு உழைத்தது என்பதை ஒரே மருத்துவமனையின் ஏடுகள் முழுமையாகச் சொல்லிவிடா. அமெரிக்காவில் எட்டு மருத்துவமனைகள் சேர்ந்து 569 பேரை ஈராண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், கால் அகற்றப்பட்டோரின் நிலையும் காக்கப்பட்டோரின் நிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. இரு சாராரிலும் சுமார் பாதிப் பேரே வேலைக்குத் திரும்பியிருந்தனர். படிப்பு, வறுமை, தாங்கிப் பிடிக்கும் சுற்றம் ஆகியவை அறுவைச் சிகிச்சைக்கு நிகராக விளைவைத் தீர்மானித்தன. அந்நாட்டு வறுமையும் சுற்றமும் வேறு, நம்முடையவை வேறு. எனவே அந்த முடிவை நாம் அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை.

கூட்டாய்வு செலவையும் குறைக்கும். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 2,400க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, திறந்த எலும்பு முறிவைக் (தோல் கிழிந்து எலும்பு வரை காயமானதைக்) கழுவச் சோப்புக் கரைசலைவிடச் சாதாரண சலைனே (உப்பு நீரே) மேல் என்றும், பீய்ச்சி அடிக்கும் கருவியால் தனிப் பயன் இல்லை என்றும் காட்டியது. உயரத்தில் தொங்கவிட்ட சலைன் பாட்டிலே போதும்; அது தாலுகா மருத்துவமனையிலும் உண்டு!

ஆகவே, கோவை, திருப்பூர், பெருந்துறை, சேலம், நாமக்கல், கரூர் அரசு மருத்துவக் கல்லூரிகளும் தனியார் மருத்துவமனைகளும் ஒரே படிவத்தில் இக்காயங்களைப் பதிந்து, ஈராண்டுகள் தொடர்ந்து விசாரிக்க வேண்டும். சாலை விபத்தில் காயமடைவோருக்கு முதல் 48 மணி நேர இலவசச் சிகிச்சைக்காகத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்க்கப்படுவோரிலிருந்து தொடங்கலாம். விபத்து வழக்குக்காக ஊனத்தின் சதவீதத்தை எழுதிக் கொடுக்கிறோம். ஆனால் காயம்பட்டவர் மீண்டும் தறி ஓட்டினாரா என்பதற்குச் சான்றிதழில் இடமில்லை. கம்பி பொருத்திய காலுடன் ஒடிசாவுக்கோ பீகாருக்கோ திரும்பிவிடும் தொழிலாளரை அவர் மொழியிலேயே தொலைபேசியில் விசாரிக்க ஆள் வேண்டும். மறுபரிசோதனைக்கு வருபவரின் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் ஆய்வுச் செலவிலேயே சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவர்,
பெருந்துறை.