எட்டு நொடிக்கு மேல் ஒலிக்க: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வருகிற இலையுதிர்காலத்தில் பர்மிங்காமில் ஒரு கச்சேரி நடத்தப் போகிறோம். எழுபதுகளின் புரோகிரசிவ் ராக் (நீண்ட, தாளம் அடிக்கடி மாறுகிற ராக் வகை) பாடல்கள்தான். ஆனால் எலெக்ட்ரிக் கிதாரும் ஸ்பீக்கர் அடுக்கும் கிடையாது. இரண்டு வயலின், வியோலா, செல்லோ, பியானோ, சாதாரணக் கிதார், ஒரு பாடகி. இடம் ஒரு பழைய தேவாலயம், மைக்கும் இல்லை.

"ராக் பாட்டுக்கு எதற்கு வயலின்?" என்று கேட்காதவர் இல்லை. அந்த இசைத்தட்டுகளில் வயலின் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1963இல் இதே ஊரில் மெல்லோட்ரான் என்ற கருவி உருவானது. ஆர்மோனியத்துக்கு அண்ணன் போல இருக்கும். உள்ளே கட்டைக்கு ஒரு ஒலிநாடா. கட்டையை அழுத்தினால், யாரோ எப்போதோ ஸ்டுடியோவில் வாசித்து வைத்த வயலின் ஸ்வரம் ஓடும். எட்டு நொடிதான். அப்புறம் நாடா தீர்ந்துவிடும், விரலை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். இந்த ஊர் ராக் குழுவான மூடி ப்ளூஸின் மைக் பிண்டர் அந்தத் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்தவர். 1969இல் கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பத்திலும், 1972இல் ஜெனிசிஸ் குழுவின் 'ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்திலும் கேட்கிற அந்த நடுங்கும் தந்தி ஒலி இதுதான்.

நாடாவுக்குள் அடைபட்ட வயலினை வெளியே கொண்டுவரப் பார்க்கிறோம். வில் ஓடுகிறவரை ஸ்வரம் நிற்கும், தேயும், மறுபடி பெருகும். முதல் ஒத்திகையில் வயலின், வியோலா, செல்லோ வாசிக்கும் நால்வரும் படு சுத்தமாக வாசித்தார்கள். பாட்டில் உயிரே இல்லை! மெல்லோட்ரானின் லேசான தள்ளாட்டத்தைத்தான் நாம் இத்தனை வருடம் ரசித்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதனால் இரண்டாம் வயலினுக்கான பகுதியை முழுக்கத் திருத்தி எழுதுகிறோம். 'ஃபாக்ஸ்ட்ராட்'டின் கடைசிப் பாடலில் தாளம் ஒன்பது எண்ணிக்கையில் போகிற ஓர் இடம் வரும், நம் கர்நாடக இசைக் கணக்கில் சங்கீர்ணம். டிரம்ஸ் இல்லாமல் அதைச் செல்லோ ஒற்றையாகத் தாங்க வேண்டும். அங்கே இன்னும் தடுமாறுகிறோம் என்பதை மறைக்கவில்லை.

பணம் பெரும்பாலும் போவது இந்த எழுத்து வேலைக்குத்தான். நால்வர் வாசிக்கத் தோதாக இசைக்குறிப்பு கிடைக்கவில்லை, காதால் கேட்டே எழுதியாக வேண்டும். பதிப்புரிமை உள்ள பாடலை மாற்றி அமைக்க உரிமையாளரிடம் அனுமதியும் வாங்க வேண்டும். இவை போக, கலைஞர்களின் சன்மானம், வாடகை, பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது. மொத்தம் 6,000 பவுண்டு. கையில் இருப்பது 2,350. டிக்கெட் விலையை ஏற்றிச் சமாளிக்கலாம்தான். ஆனால் மாணவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

ஐந்து பவுண்டு கொடுத்தாலும் ரசீது உண்டு. பணமாக வேண்டாம் என்பவர்கள் வெளியூர்க் கலைஞர் ஒருவருக்கு இரண்டு இரவு தங்க இடம் கொடுக்கலாம், எங்களுக்கு அது பெரிய உதவி. வரவு செலவுக் கணக்கைக் கச்சேரியன்று வாசலில் ஒட்டிவிடுவோம். கச்சேரி நடக்காமல் போனால், அதுவரை செலவானது போக மீதியைத் திருப்பித் தருவோம்.

இப்படிக்கு,
கச்சேரிக் குழுவினர்