முயலைக் கொடுக்கும் முன் அது போகும் இடத்தைப் பாருங்கள்: விலங்குக் காப்பகங்களுக்கு ஒரு திறந்த மடல்

விலங்குக் காப்பகங்களின் நிர்வாகிகளுக்கும் அங்கே உழைக்கும் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

கைவிடப்பட்ட வளர்ப்பு முயல்களுக்குப் புதிய வீடு கிடைக்கும்வரை அவற்றை என் வீட்டில் வைத்துச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். கடைசியாக வந்த பெண் முயலின் நகங்கள் நீண்டு வளைந்து விரல்களையே பக்கவாட்டில் திருப்பியிருந்தன. கூண்டின் கம்பித் தளத்திலேயே உட்கார்ந்து கிடந்ததால் பின்னங்கால்களின் அடிப்புறம் முடி உதிர்ந்து புண்ணாகியிருந்தது. அதை வைத்திருந்தவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். ஒரு காப்பகத்தில் முறைப்படி தத்தெடுத்தவர்கள். பெயரையும் முகவரியையும் எழுதி வாங்கிக்கொண்டு, முயலோடு அந்தக் கூண்டையும் அங்கேயே கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். எந்த நிலையிலிருந்து மீட்டோமோ அதே நிலைக்கு முயலை நம் கையாலேயே திருப்பி அனுப்புகிறோம் என்பதுதான் என்னை வருத்துகிறது.

நாய்க்குப் பசித்தால் குரைக்கும், பூனை காலைச் சுற்றிவரும். முயலோ பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர். வலியை மறைத்துக்கொள்வது அதன் இயல்பு. மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று அரைக்கும் முயலைப் பார்த்து, “எவ்வளவு சாது பாருங்கள்” என்று வீட்டார் மகிழ்வதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே, தத்தெடுக்க வருகிறவருக்கு முயலைத் தூக்கிக் காட்டுவதற்கு முன், அதன் உடல் எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. புல்லையும் உலர்புல்லையும் நாள் முழுதும் அரைத்துத் தின்றால்தான் அவை தேய்ந்து அளவோடு நிற்கும். வெறும் தீவன உருண்டையும் கேரட்டும் போட்டு வளர்த்தால் கடைவாய்ப் பற்கள் கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். கேரட்டில் இருக்கும் சர்க்கரைக்கு அது எப்போதாவது ஒரு துண்டு கொடுக்கத் தக்க தின்பண்டமே தவிர உணவன்று. பல் வலித்தால் முயல் தின்னாது, தின்னாவிட்டால் குடல் இயக்கம் நின்றுபோகும், அதற்கு வாந்தி எடுக்கவும் இயலாது. அரை நாள் தீனி தொடாத முயலை, புழுக்கை சிறுத்துவிட்ட அல்லது நின்றுவிட்ட முயலை, மறுநாள் பார்க்கலாம் என்று விட்டுவைக்கக் கூடாது. இன்னொன்றையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: முயல் தன் மென்மையான புழுக்கையை நேரடியாக வாயால் எடுத்துத் தின்னும், அதில்தான் அதற்கு வேண்டிய சத்துகள் இருக்கின்றன. இதை அருவருத்துத் தடுப்பவர்கள் உண்டு. உடல் பெருத்தோ பல் நோயாலோ குனிய முடியாமல் போன முயலின் பின்புறத்தில் அது ஒட்டிக்கொள்ள, ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடுகிறது. நான் பார்த்த மரணங்களில் மிகக் கொடியது அதுதான்.

கூண்டைப் பற்றி உறுதியாகவே எழுதுகிறேன். ஓடவும், துள்ளவும், பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கவும் இயலாத இடம் முயலுக்கு வீடாகாது. முயல் நல அமைப்புகள் ஓர் இணைக்கு 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட இடத்தைப் பரிந்துரைக்கின்றன. அறையின் ஒரு பகுதியைத் தடுத்துவிட்டாலே இது கிடைத்துவிடும். அந்த இடத்தை நேரில் சென்றோ, இயலாவிட்டால் காணொளி வழியாகவோ பார்த்த பிறகே முயலைக் கொடுங்கள். பெரும்பாலான முயல்கள் 8 முதல் 12 ஆண்டுகள் வாழக்கூடியவை என்பதையும், குழந்தையின் விளையாட்டுத் துணையாக வாங்கப்படும் முயலைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் பெரியவர்களே என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

முயல் கூட்டமாக வாழும் உயிர் என்பதால் இணையாகக் கொடுப்பதே நல்லது. ஆனால் கருத்தடை செய்யாமல் கொடுத்தால் சிக்கல் பெருகும்: சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள்கள்தான், குட்டி ஈன்ற அன்றே பெண் முயல் மறுபடி சினையாகக் கூடும். கருத்தடை, பெண் முயலைக் கருப்பைப் புற்றுநோயிலிருந்தும் காக்கிறது. ஆண் முயலை அறுவைச் சிகிச்சை முடிந்தபின்னும் 6 வாரங்கள் வரை பெண் முயலிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும். இதை மறந்து ஒன்றாக விட்டதால் பிறந்த குட்டிகள் என் வீட்டிலேயே வளர்ந்திருக்கின்றன.

முயலை அறிந்த கால்நடை மருத்துவர் யார் என்பதையும் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். நாய்க்கும் பூனைக்கும் பழகிய மருந்துகள் சில முயலைக் கொன்றுவிடும். பென்சிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் குடலின் நுண்ணுயிர்கள் குலைந்து முயல் இறக்கலாம். ஃபிப்ரோனில் கலந்த உண்ணி மருந்தும் அதற்கு ஆகாது.

முயலைத் திருப்பித் தர வருகிறவரைக் கடிந்துகொள்ளாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வாசலில் அவமானப்பட்டவர் அடுத்த முறை ஏதாவதொரு பூங்காவில் அதை இறக்கிவிட்டுப் போவார். கூண்டில் வளர்ந்த முயலுக்கு அங்கே ஒளியவும் தெரியாது, தப்பவும் தெரியாது. “எந்தக் காரணமானாலும், எத்தனை ஆண்டு கழித்தானாலும் எங்களிடமே கொண்டுவாருங்கள்” என்ற ஒரு வரியைத் தத்தெடுப்புப் படிவத்தில் சேர்க்க உங்களுக்குச் செலவேதும் இல்லை.

நான் மேலே சொன்ன பெண் முயலின் கால்களில் புண் ஆறி முடி வளரத் தொடங்கிவிட்டது. அதைக் கேட்டு வந்தவர்கள் மூவர். இருவரிடம் கூண்டைத் தவிர வேறு இடமில்லாததால் மறுத்துவிட்டேன். மூன்றாமவர், ஏற்கெனவே கருத்தடை செய்த ஓர் ஆண் முயலை வளர்ப்பவர், தம் வீட்டுக் கூடத்தில் தடுத்துவைத்த பகுதியைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அடுத்த வாரம் நேரில் போய்ப் பார்க்க இருக்கிறேன்.

அன்புடனும் மதிப்புடனும்,
முயல்களுக்குத் தற்காலிக இடம் கொடுக்கும் ஒருவர்