பட்டனுக்கு வேலையில்லாத இடங்கள்

கிருஷ்ணகிரி

அன்புள்ள சேகருக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்தபிறகுதான் மனசு நின்றது. சொட்டு மருந்தை வேளாவேளைக்கு விடச் சொல். கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கம் போகவேண்டாம் என்று நான் சொன்னதாகவும் சொல்.

இங்கே மாங்காய் சீசன் முடியும் தறுவாய். செந்தூரா, மல்கோவா எல்லாம் போயாச்சு. கூழ் ஃபேக்டரி வாசலில் பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள் இன்னும் வரிசை கட்டி நிற்கின்றன. இனி நீலம் மட்டும்தான் பாக்கி. காவேரிப்பட்டணம் தோப்பை இப்போது தம்பிதான் முழுசாகப் பார்க்கிறான். அப்பா இருந்தபோது இருந்த மாதிரியேதான் வைத்திருக்கிறான், வரப்போரத் தென்னைகூட அப்படியே நிற்கிறது. நான் வழக்கம்போல ஓசூருக்குப் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருக்கிறேன்.

அந்தப் பஸ்ஸில் என்ன செய்கிறேன் என்பதை எழுதத்தான் இந்தக் கடிதம். 2009-இல் நீ அமெரிக்காவிலிருந்து வரும்போது வாங்கி வந்தாயே, கையடக்கக் கேம் கருவி, அந்த டிஎஸ் லைட், என்னிடம்தான் பத்திரமாக இருக்கிறது. புது பேட்டரி வாங்கிப் போட்டேன். உள்ளே அதே கேம் கேசட், டிராகன் குவெஸ்ட் 5. ஓசூர் ரூமில் நீ பாதி நான் பாதி என்று ஆடியதை, இந்தத் தடவை முதலிலிருந்து கடைசிவரை நான் ஒருத்தனே ஆடி முடித்தேன்.

இந்த மாதிரி கேம் பஸ்ஸுக்கென்றே பிறந்தது, சேகர். ஸ்டாப் வந்தால் மூடியை மூடினால் போதும், அது தூங்கிவிடும். திறந்தால் விட்ட இடத்திலேயே கதையின் ஹீரோ பையன் நிற்பான். நம் முறை, எதிரி முறை என்று மாறி மாறி நடக்கிற சண்டை, யாரும் அவசரப்படுத்துவதில்லை. சூளகிரி ஏற்றத்தில் பஸ் முனகிக்கொண்டு போகும்போது நான் பாட்டுக்கு நாலு ஸ்லைமை, அந்தக் கொழகொழ குட்டி அரக்கர்களை, அடித்துக்கொண்டிருப்பேன். ஊருக்குள் நடக்கும்போது எல், ஆர் பட்டனால் தெருவையே சுற்றித் திருப்பிப் பார்க்கலாமே, வீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பானையைக் கண்டுபிடிக்க நீ அப்படித்தான் திருப்புவாய். எனக்கும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் சொல்கிறேன். இது முதலில் 1992 செப்டம்பரில் ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம் என்கிற கேம் கருவிக்கு வந்தது. கதை யூஜி ஹோரீ, படங்கள் அகிரா தோரியாமா, இசை கோய்ச்சி சுகியாமா. முதல் டிராகன் குவெஸ்டுக்கு 1986-இல் சேர்ந்த அதே மூன்று பேர். ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக வர 2009 ஆகிவிட்டது, பதினேழு வருஷம். அதாவது நாம் ரூமில் உட்கார்ந்து ஆடியபோதுதான் ஆங்கிலம் படிக்கிற உலகமே அதை முதன்முதலாக முறையாக ஆடிக்கொண்டிருந்தது. சுகியாமா 2021-லும் தோரியாமா 2024-லும் காலமானார்கள். தோரியாமா போன செய்தி வந்த அன்று இந்தக் கேசட்டைத் தேடி எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஆட ஆரம்பித்தது அதற்கு ரொம்ப நாள் கழித்து, அப்பா போனபிறகுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். கேம் என்றால் பட்டனை அழுத்துவதுதானே? அழுத்தினால் நடக்கும், அதில்தான் சந்தோஷமே. ஹோரீ இந்தக் கதையின் உயிரான இடங்களிலெல்லாம் அந்தப் பட்டனை நம்மிடமிருந்து பிடுங்கிவிடுகிறார். மூன்று இடத்தில் அது எனக்கு உறைத்தது.

முதலாவது, ஹீரோவின் அப்பா பங்க்ராஸ் சாகிற இடம். ஆரம்பத்தில் ஆறு வயசுப் பையனாக அப்பா பின்னாலேயே நடக்கிறோம் இல்லையா, அப்போது அந்த அப்பாவுக்கு நாம் கட்டளை எதுவும் கொடுக்க முடியாது. அவர் பாட்டுக்கு வாளைச் சுழற்றுவார், எதிரிகள் விழுவார்கள். சண்டை முடிந்ததும் நமக்கு லேசாக அடிபட்டிருந்தால்கூட அவரே மந்திரம் போட்டு ஆற்றிவிடுவார். நாம் கேட்பதே இல்லை, ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அது தானாக நடக்கும். ஓசூரில் ஆடியபோது நான் அந்த வரியை வேகமாகத் தட்டித் தள்ளிவிட்டுப் போவேன். இந்தத் தடவை ஒவ்வொரு முறையும் நின்று படித்தேன்.

அப்புறம்தான் கோபர்க் நாட்டு இளவரசன் ஹாரியைக் கடத்திக்கொண்டு போன அந்தப் பாழடைந்த இடம். லாட்ஜா என்கிற வில்லன் வந்து பையன் கழுத்தில் அரிவாளை வைத்துவிட்டு, அப்பா எதிர்த்தால் பையன் உயிர் போகும் என்கிறான். சண்டைத் திரை வருகிறது. அவ்வளவு நேரம் எல்லாரையும் வீழ்த்தின மனிதர் கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்குகிறார். முறைக்கு முறை ரத்தம் குறைகிறது. நம் கையில் கருவி இருக்கிறது, எல்லாப் பட்டனும் இருக்கிறது, ஒன்றுக்கும் வேலையில்லை. வெறும் காட்சியாக அதைக் காட்டியிருந்தால் நான் இவ்வளவு தவித்திருக்கமாட்டேன். வழக்கமாக நாம் அடிக்கிற அதே சண்டைத் திரையில், நம் முறை வரும் வரும் என்று காத்திருக்க வைத்து, கடைசிவரை வராமலே போகிறதே, அதுதான். சாகும்போது அம்மா உயிரோடு இருக்கிறாள், தேடு என்று மட்டும் சொல்கிறார்.

அப்பாவின் கடைசி வாரம் ஐசியூ வாசலில் நின்றேன் என்று உனக்குத் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மானிட்டரில் எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலையில்லை. பணம் கட்டச் சொன்னால் கட்டினேன், ரத்தம் வேண்டும் என்றால் ஆள் கூட்டிவந்தேன், மீதி நேரமெல்லாம் நின்றேன். இதை யாரிடமும் இவ்வளவு பட்டென்று சொன்னதில்லை. அந்தத் திரையைப் பார்த்தபிறகு உன்னிடம் சொல்ல வந்தது.

நடுவில் பத்து வருஷ அடிமை வாழ்க்கை, பீப்பாய்க்குள் ஒளிந்து தப்பிப்பது எல்லாம் நமக்கு மனப்பாடம். ஒரு கிளைக்கதையை மட்டும் விடமாட்டேன். ஏதோ மிருகம் பயிரை நாசம் பண்ணுகிறது, கொன்று கொடுத்தால் பணம் தருகிறோம் என்று ஒரு கிராமத்தார் கேட்பார்களே. குகைக்குள் போனால் அது சின்ன வயசில் நம்மோடு திரிந்த குட்டிப் புலி, வளர்ந்து நிற்கிறது. நம்மை அடையாளம் தெரியாமல் பாய்கிறது. சின்ன வயசுத் தோழி பியாங்கா கொடுத்த ரிப்பனைக் காட்டினால்தான் நினைவு வந்து அடங்குகிறது. அது காவல் காத்த இடத்தில் பங்க்ராஸின் வாள் கிடக்கும். பத்து வருஷமாக அந்த வாளை விட்டு அது நகரவில்லை! அதைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தால், நீயும் இந்த மிருகமும் கூட்டு, பணத்துக்காக ஏவிவிட்டாய் என்று காசைத் தூக்கிப் போடுகிறார்கள். மறுத்துப் பேச ஒரு வரிகூட நமக்குக் கிடையாது.

எங்கள் மாமா ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்பது உனக்குத் தெரியும். ராகி முற்றுகிற சமயத்தில் யானைக் கூட்டம் இறங்கினால் ராத்திரி முழுக்கப் பரணில் உட்கார்ந்து தகரம் தட்டுவார்கள். விடிந்து பார்த்தால் அரை ஏக்கர் மிதிபட்டுக் கிடக்கும். அதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் அந்தக் கிராமத்தார்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் பயிர் போயிருக்கிறது. புலிமேலும் கோபப்பட முடியவில்லை. ரெண்டு பக்கத்தையும் நியாயமாக விட்டுவிட்டு நம்மை ஊரைவிட்டு வெளியே அனுப்புகிறார் ஹோரீ. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

இரண்டாவது, கல்லாகிப்போவது. கல்யாணம் ஆகி, ராஜாவாகி, இரட்டைப் பிள்ளைகள் பிறந்து, கடத்தப்பட்ட மனைவியைத் தேடிப் போய், இருவருமே கல்லாகிவிடுகிறோம். நம்மை ஏலத்தில் எடுத்த பணக்காரன் தன் வீட்டுத் தோட்டத்தில் காவல் சிலையாக நிறுத்துகிறான். அவன் குழந்தை தவழ்கிறது, நடக்கிறது. ஒருநாள் அரக்கர்கள் வந்து அந்தக் குழந்தையைத் தூக்கிப்போகிறார்கள். காவல் சிலை காப்பாற்றவில்லையே என்று அந்த அப்பன் நம்மையே அடித்துத் தள்ளுகிறான். எட்டு வருஷம். வெயில், மழை, பனி எல்லாம் மாறுகிறது, நாம் நிற்கிறோம். ஓசூரில் ஆடியபோது நீ இந்த இடத்தில் டீ போடப் போய்விட்டாய். இப்போது வீட்டில் எட்டு வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு பார்த்தேன். அவள் முளைத்த பல், விழுந்த பல் எல்லாம் பார்த்தவன் நான். அந்த மனிதனுக்கு அதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வீட்டின் பழைய வேலைக்காரர் சாஞ்சோவோடு வந்து கல்லிலிருந்து மீட்டு எழுப்பும்போதே பிள்ளைகள் அவ்வளவு பெரிதாகிவிட்டார்கள்.

சின்னவள் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவள் கேட்ட ஒரு கேள்வி: "நீதானே ஹீரோ, அந்தப் பெரிய வாளை ஏன்ப்பா எடுக்க முடியல?" புலி காத்த வாள் இல்லை அது, பழங்கதை வீரன் மட்டுமே ஏந்தக்கூடிய வேறு வாள், பங்க்ராஸ் ஊர்ப் பின்னால் குகையில் ஒளித்துவைத்தது. கூடவே மகனுக்கு ஒரு கடிதம், நான் உயிரோடு இல்லாமல் நீ இதைப் படிப்பாய் என்று. பையில் வைத்துக்கொண்டு உலகம் முழுக்க அலையலாம், கையில் மட்டும் பிடிக்க முடியாது. கடைசியில் மகன் வந்து வாங்கிக்கொள்கிறான். "அப்ப நீ யாரு?" என்றாள். அவனோட அப்பா என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது, எழுந்து விளையாடப் போய்விட்டாள். இந்த வகைக் கேம்களில் ஆடுகிறவனுக்கே கிரீடம் வைப்பதுதான் வழக்கம். 1992-லேயே இவர் அதைத் தூக்கி அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ஆறு வயசில் ஊருக்கு ஒரு அந்நியன் வந்து, பையன் வைத்திருக்கும், பின்னால் லாட்ஜா உடைத்துப்போடும் அந்தத் தங்க உருண்டையைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்பானே? அது வளர்ந்த நாமேதான். தேவதைகளின் மாளிகை ஓவியத்துக்குள் நுழைந்து பழைய காலத்துக்குப் போய், லாட்ஜா உடைத்தது போலியாக இருக்கட்டும் என்று மாற்றிவைக்கிறோம். காரியம் ஒரு நிமிஷம்தான். ஆனால் வீட்டுக்குள் பங்க்ராஸ் இருக்கிறார். உயிரோடு, மேஜைப் பக்கத்தில். போய்ப் பேசலாம். எச்சரிக்கலாம். என்ன சொன்னாலும் அவர் கோபர்க் போகத்தான் போகிறார். நான் வெளியே வந்து, திரும்ப உள்ளே போய், திரும்பவும் பேசினேன். பஸ் ஓசூர் வந்துவிட்டது, கண்டக்டர் தோளைத் தொட்டபிறகுதான் இறங்கினேன்.

வெளியே நிற்கிற அந்தக் குட்டிப் பையனிடம், என்ன கஷ்டம் வந்தாலும் தோற்றுவிடாதே என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரவேண்டும். எனக்கு அவனிடம் வேறு சொல்லத் தோன்றியது. ஓடாதே, உள்ளே போய் உன் அப்பா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார் என்று. அதற்கும் பட்டன் இல்லை.

இன்னொரு சந்தோஷமான சங்கதி. நாம் வீழ்த்துகிற அரக்கர்களில் சிலர் நம் கூட்டத்தில் சேர்ந்துவிடுவார்களே, அதில் 256-க்கு ஒன்று என்கிற கணக்கில்தான் சேரும் என்பார்களே அந்த லிக்விட் மெட்டல் ஸ்லைம், அது எனக்குச் சேரவில்லை, ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது. ஆனால் ஸ்லைம் நைட் முதலிலேயே சேர்ந்துவிட்டான். கடைசிவரை அவனைக் கழற்றவே இல்லை. நம்முடைய கவசத்தையே போட்டுக்கொள்கிறான், வைத்தியமும் பார்க்கிறான், அவனைவிட நம்பகமான துணை இந்தக் கேமில் கிடையாது. கோலெமை, அந்தக் கல் பூதத்தை, முன்னால் நிறுத்து என்று நீ அப்போது சண்டை போடுவாயே, அதையும் செய்து பார்த்தேன், நீ சொன்னது சரி.

உனக்கு நேரமில்லை என்று எழுதியிருந்தாய். ஃபோனிலேயே கிடைக்கிறது, நிமிர்த்திப் பிடித்து ஒற்றைக் கையால் ஆடலாம். அம்மாவோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஆரம்பி. கல்யாண இடம் வந்ததும் எழுது. யாரைக் கட்டுவது, பியாங்காவா நீராவா என்று ஜப்பானில் 1992-இலிருந்து நடக்கிற வாக்குவாதம் நம் ரூமிலும் நடந்தது, மூன்றாவது பெண்ணான டெபோராவைக் கட்டுவேன் என்று நீ மட்டும் பிடிவாதம் பிடித்தாய். நான் இந்த முறையும் பியாங்காதான். சின்ன வயசில் பேய் பங்களாவுக்குள் கூட வந்தவளை விட்டுவிட்டு எப்படிடா வேறு ஒருத்தியைக் கேட்பது?

நீலம் ஒரு பெட்டி பார்சல் சர்வீஸில் போடச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் வைக்கோலைப் பிரித்து ரெண்டு நாள் ஆறவிடு, அப்புறம் அம்மாவுக்குக் கொடு. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

என்றும் உன்,
முருகன்